மூங்கில் எத்தனை அடி?

மரக்காணத்து உப்பளத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. பளபளவென்று ஓர் ஆணியை இன்று அடித்தால் அடுத்த மாதமே அது துளைக்குள் தளர்ந்து ஆடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். என்னைப் போன்ற மரவேலைக்காரனுக்கு இந்த ஊரில் இன்னும் பிழைப்பு ஓடுவது அந்த உப்புக்காற்றின் புண்ணியத்தில்தான். மடைப்பலகை, வாருபலகை, தள்ளுவண்டி, உப்பு அம்பாரத்தில் ஏறச் சாய்வுப்பலகை என்று அளத்துக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் மரம். பலகைக்குப் பூவரசு, கைப்பிடிக்கு மூங்கில், முட்டுக்காலுக்குச் சவுக்கு. சவுக்குக்கு இந்தக் கடற்கரையில் பஞ்சமே இல்லை. ஆணிக்குப் பதில் மூங்கில் முளை. தண்ணீர் பட்டதும் அது ஊறிப் பெருத்துத் துளையை இறுக்கிக்கொள்ளும். அந்த முளையைப் பிடித்து வைத்திருப்பது பசையும் இல்லை, மறையும் இல்லை. மரத்தை மரம் நெருக்குகிறது, நெருக்குவதால் பிடிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் மகள் பத்தாவதுக்கு வந்தபோது அவளுடைய அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பாடமே இயக்க விதிகள். விசை, நிலைமம், உந்தம் என்று போகிறது. நியூட்டன் 1687-ல் புத்தகமாகப் போட்ட மூன்று விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு அளத்து ஆட்கள்தான் ஒவ்வொருவராகக் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். மகளிடம் சொன்னேன். "பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா" என்றாள். நியாயம்தான். கேட்காததை நான் இங்கே எழுதுகிறேன்.

மடைப்பலகையிலிருந்து தொடங்கலாம். பாத்திக்குத் தண்ணீர் விடும் வாய்க்கால் வாயில், இரண்டு காடிகளுக்கு நடுவே செருகி நிற்கும் பலகை அது. சின்னச் சாமான்தான், ஆனால் அதைத் தூக்கப் போகிறவன் கையில் சண்டை பிடிக்கும். பலகை இரண்டடி அகலம், தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் ஓரடி உயரத்துக்கு நிற்கிறது என்று வையுங்கள். கடல் தண்ணீர் அந்தப் பலகையைப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 30 கிலோ கனத்துக்குத் தள்ளும். தண்ணீர் இரண்டடிக்கு ஏறினால் அந்தத் தள்ளல் இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான்கு மடங்கு ஆகும், 120 கிலோவை நெருங்கிவிடும். ஆழம் கூடக்கூட அடியில் அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் விழும் பரப்பும் கூடுகிறது. இந்தத் தள்ளல் அத்தனையும் பலகையைக் காடியோடு நெருக்கும். நெருக்கினால் பிடிக்கும். பலகையின் சொந்த எடை ஐந்து கிலோ கூட வராது. அதைத் தூக்க இரண்டு பேர் தொங்குவதைப் பார்த்தால் வெளியூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும்.

இதிலே இன்னொன்று உண்டு. சாயங்காலம் போட்ட பலகையை உடனே தூக்கினால் ஒரு பிடிப்பு. ராத்திரி முழுக்க நின்ற பலகையை விடிகாலையில் தூக்கினால் வேறு பிடிப்பு. மரம் ஊறியிருப்பது ஒரு காரணம். ஊறாத மரத்திலும் இது நடக்கும் என்பதைக் கூலம் என்ற பிரெஞ்சுக்காரர் அளந்தே பார்த்திருக்கிறார். மின்சாரப் பாடத்தில் வருகிற அதே கூலம்தான். அவர் முதலில் ராணுவப் பொறியாளர். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் வருஷக்கணக்காகக் கிடந்தவர். மரத்தின்மேல் மரத்தை வைத்து இழுத்துப் பார்த்து, சும்மா கிடந்த நேரம் கூடினால் அசைக்கத் தேவையான இழுப்பும் கூடுகிறது என்று கண்டார். நகரத் தொடங்கிய பிறகு பிடிப்பு குறைந்துவிடும். உராய்வைப் பற்றிய அந்த வேலைக்கு 1781-ல் பாரிஸ் அகாதெமி பரிசு கொடுத்தது. அளத்தில் இதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. தூக்குவதற்கு முன் மடைப்பலகையின் தலையில் இடமும் வலமும் இரண்டு தட்டு. பலகை ஒரு நூல் நகர்ந்தால் போதும், அப்புறம் வந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டும்போது வெள்ளை வெள்ளையாக அம்பாரங்களைப் பார்த்திருப்பார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தை பிறக்கும்போது சேற்றை மிதித்துப் பாத்தி கட்டத் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் வாரி முடிக்க வேண்டும். பாத்தி மிதிப்பது குதிகாலால் செய்கிற வேலை. முழுப் பாதத்தையும் வைத்தால் உடம்பின் கனம் பரவிப்போகும், களிமண் இறுகாது. குதிகாலில் நின்றால் அதே கனம் கால்வாசி இடத்தில் இறங்கும். ஒரு பாத்தி முழுக்க இப்படிக் குதிகாலால் நடந்தவர்களுக்கு ராத்திரி இடுப்பு எங்கே வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாரிய உப்பு வரப்போரம் குவியலாகக் கிடந்து தண்ணீர் வடிந்ததும், பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு நடைக்கு 25 கிலோவுக்குக் குறையாது. ஈர உப்பாக இருந்தால் அதற்கு மேலும் போகும். பழைய புடவைத் துணியை முறுக்கிச் சுற்றிய சும்மாடுதான் அவர்களுடைய ஒரே உபகரணம். அதைச் செய்து கொடுக்க ஆசாரி வேண்டாம். ஆனாலும் அதைப் பார்த்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். கூடையின் அடி நேராக உச்சந்தலையில் உட்கார்ந்தால் மொத்தக் கனமும் ஒரு ரூபாய் அகல இடத்தில் இறங்கும். சும்மாடு அதை வாங்கித் தலையைச் சுற்றிப் பரப்புகிறது. வழுக்காமலும் பிடித்துக்கொள்கிறது. துணி ரொம்ப ஈரமாகிவிட்டால் மாற்றிக்கொள்வார்கள், அது வழுக்க ஆரம்பிக்கும்.

நடையைக் கவனித்தால் இன்னும் இருக்கிறது. கூடையோடு புறப்படும் முதல் எட்டைச் சின்னதாக வைப்பார்கள். உடம்பு கிளம்பினாலும் கூடைக்குக் கிளம்ப மனசில்லை. கால் முன்னால் போகும், கூடை பின்னால் நிற்கும், கழுத்துதான் நடுவில் மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று சின்ன எட்டில் கூடைக்கும் வேகம் வந்த பிறகுதான் நடை விரியும். அம்பாரத்தின் அடியில் வந்ததும் வேறு வித்தை. வேகத்தைக் குறைக்காமல் வந்து, சட்டென்று நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தலையைத் தாழ்த்துவார்கள். கூடையிலிருக்கும் உப்பு நிற்காது. வந்த வேகத்திலேயே முன்னால் பாய்ந்து அம்பாரத்தின் இடுப்பில் போய் விழும். கையால் தூக்கிக் கொட்டினால் அவ்வளவு உயரம் எட்டாது. பல வருஷமாகச் சுமக்கிற ஓர் அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்.

"ஏன்க்கா, வேகமா வந்து டக்குனு நிக்கிறியே, கால் பிசகாதா?"

"நான் நின்னா உப்பும் நின்னுடுமா? அது பாட்டுக்குப் போவும். போறத போவ வுட்டுட்டு நான் கூடைய மட்டும் புடிச்சிப்பேன்."

நியூட்டனின் முதல் விதியை இதைவிடச் சுருக்கமாக என் மகளின் புத்தகத்தில் பார்க்கவில்லை.

தலைச்சுமையைப் பற்றி 1986-ல் நேச்சர் இதழில் ஓர் ஆராய்ச்சி வந்தது. கென்யாவின் லூவோ, கிக்குயு பெண்களை நடக்கவைத்து, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தால் கூடுதல் செலவே தெரியவில்லை. அதற்கு மேல் போனால் சுமைக்குத் தக்கபடி செலவு ஏறியது. இதைச் சொன்னால் உடனே "பார்த்தியா, நம்ம பொம்பளைங்களுக்கு அது பழக்கம்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். 50 கிலோ உடம்புக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது 10 கிலோ. இங்கே தலையில் ஏறுவது பாதி உடம்பு. பழக்கம் என்பதெல்லாம் கூலி கொடுக்கிறவர்கள் சொல்கிற சொல்.

தள்ளுவண்டி இருக்கும்போது தலை எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், செய்தும் கொடுத்திருக்கிறேன். ஒற்றைச் சக்கர வண்டியில் முக்கியமான அளவு ஒன்றுதான்: சுமை சக்கரத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது. 80 கிலோ உப்பின் நடுமையம் அச்சிலிருந்து ஒன்றரை அடியிலும், கை பிடிக்கும் இடம் நாலரை அடியிலும் இருந்தால், கை தூக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 27 கிலோ. தொட்டியை முன்னால் தள்ளி மையத்தை ஓரடிக்குக் கொண்டுவந்தால் 18 கிலோதான். ரொம்ப முன்னால் போனால் வண்டி மூக்கால் கவிழும். கடையில் விற்கிற தகர வண்டிகளில் இந்தக் கணக்கு மணலுக்கும் ஜல்லிக்கும் போட்டது. உப்புக்குத் தொட்டி அகலமாக, தாழ்வாக இருக்க வேண்டும்.

வரப்புதான் வில்லங்கம். நேற்று பூசிய களிமண் வரப்பில் குறுகலான சக்கரம் அமிழும். அமிழ்ந்த சக்கரம் தனக்கு முன்னால் தானே ஒரு சின்னக் குன்றைத் தள்ளிக்கொண்டு, அதிலேயே ஏறிக்கொண்டு போகும். தள்ளுகிறவன் நாள் முழுக்க மேடு ஏறுகிறவன்தான். சக்கரம் அகலமானால் அமிழாது, ஆனால் வரப்பும் அகலமாக வேண்டும். வரப்பு ஓரடி அகன்றால் பாத்தி ஓரடி குறையும். குத்தகைக்காரர் அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார். நடைபாதையில் பலகை போட்டுப் பார்த்தோம். பலகையும் பலகையும் சேரும் இடத்து விளிம்பில் சக்கரம் இடித்து நிற்கும். அதற்கு ஒரு கொத்தனார் வழி சொன்னார்: விளிம்பு வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு இழு. தள்ளும்போது நம் கைப்பலத்தில் ஒரு பங்கு கீழ்நோக்கிப் போய்ச் சக்கரத்தை விளிம்போடு அழுத்துகிறது. இழுக்கும்போது அதே பங்கு மேல்நோக்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கை கொடுக்கிறது. சுமை அதேதான், சக்கரமும் அதேதான்.

அச்சுக்கும் எனக்கும் பழைய பகை. பால் பேரிங் போட்டால் ஒரு பருவத்துக்குள் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். முன்பு மாட்டுவண்டிக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை போடுவார்கள். அச்சும் குடமும் நேராக உரசாமல் நடுவில் எண்ணெய் நிற்கும், கரி அந்த எண்ணெய் வழிந்து ஓடாமல் பிடித்துக்கொள்ளும். நான் எண்ணெயில் ஊறவைத்த கட்டை மரத்தில் குடத்துக்கு உள்வளையம் செதுக்கிப் போட்டேன். இப்போது நைலான் வளையம் கிடைக்கிறது. உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை.

உப்பு வண்டியின் அச்சு பழங்காலத்திலிருந்தே கவலைதான். புறநானூற்றில் ஔவையார் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியைச் சொல்லும்போது, அடிமரத்தில் கட்டித் தொங்கவிட்ட மாற்று அச்சையும் சொல்கிறார். இளங்காளை, நிறைந்த சுமை, மேடும் பள்ளமுமான வழி, எது எப்போது ஆகுமோ என்று எடுத்துவைத்த அச்சு. இதைக் கேள்விப்பட்டபோது புலவரைவிட அந்த வண்டி செய்த தச்சன்மேல்தான் எனக்கு மரியாதை வந்தது. சமதளத்தில் உருளும் வண்டியில் அச்சின்மேல் இருப்பது வெறும் சுமை. சக்கரம் ஒரு சாண் பள்ளத்தில் விழுந்து கண் சிமிட்டும் நேரத்துக்குள் நிற்கும்போது, அந்தச் சுமையின் வேகத்தை அச்சு அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். நேரம் குறையக் குறைய அடி பெருக்கும். சுமையைப் போல் பல மடங்கு அடி அந்த ஒரு கணத்தில் அச்சில் இறங்கும். அச்சு முறிவது பள்ளத்தில்தான், பாரத்தில் இல்லை. பிறகு ரப்பர் டயர் வண்டி வந்தபோது, டயர் அமுங்கி அந்தக் கணத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தது. மாற்று அச்சுக்கு வேலை போனது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த வண்டிகளில் சிலவற்றுக்கு இந்தப் பக்கத்துத் தச்சனே அச்சு கடைந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சக்கரமே வேண்டாத போக்குவரத்தும் இங்கே இருந்தது. ஆந்திரக் கரையிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடம் மரக்காணம். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் அந்தக் கால்வாயின் சென்னைப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். உப்பும் விறகும் படகில் போன காலத்தில், கரையில் நடக்கும் ஓரிரண்டு ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு முழுப் படகை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மெதுவாகப் போகிற வரை தண்ணீர் அதிகம் எதிர்ப்பதில்லை. நிலத்தில் ஒரு மூட்டையை இழுக்க மூச்சு வாங்குகிற அதே ஆள், தண்ணீரில் டன் கணக்கில் இழுத்துப்போவான். முதல் அசைவு வரத்தான் சாய்ந்து நின்று காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும், படகு அசையாது.

அம்பாரத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் எந்த உப்புக் குவியலைப் பார்த்தாலும் சரிவு ஏறத்தாழ ஒரே சாய்வில் இருக்கும். கொஞ்சம் உலர்ந்த உப்பை எடுத்து வீட்டில் செய்தித்தாள்மேல் மெல்லக் கொட்டிப் பாருங்கள், அதிலும் அதே சாய்வு வரும். 30 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவில் எங்கோ நிற்கும். மேலே கொட்டக் கொட்ட உயரம் ஏறும், சாய்வு மாறாது. பரல் பரலாகச் சரிந்து அடி அகன்றுகொள்ளும். சரிவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பரலைக் கீழே இழுப்பது அதன் எடையில் ஒரு பங்கு. அதைப் பிடித்து வைப்பது அண்டைப் பரல்களோடு இருக்கும் உராய்வு. இரண்டும் சமமாகிற சாய்வுதான் அம்பாரத்தின் சாய்வு. இந்தச் சமாசாரத்தையும் 1773-லேயே எழுதிவைத்தவர் அதே கூலம்தான், கோட்டைச் சுவருக்குப் பின்னால் மண் எப்படிச் சரியும் என்ற கணக்குக்காக.

ஈரம் வந்தால் கணக்கு மாறும். பரலுக்கும் பரலுக்கும் நடுவில் ஒரு துளி தண்ணீர் இருந்தால் அது இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். வெயிலில் அந்தத் துளி காயும்போது உப்பாகி ஒட்டியே விடும். வெளித்தோல் கல்லாகிவிட்ட அம்பாரம் செங்குத்தாகக்கூட நிற்கும். இதுதான் ஆபத்து. லாரிக்கு ஏற்றுகிறவர்கள் அடியில் அள்ளிக்கொண்டே போவார்கள். மேலே தோல் மட்டும் கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் தளர்ந்த உப்புக்குத் தன் சாய்வு நன்றாகத் தெரியும். தோல் எப்போது உடைகிறதோ அப்போது அது அந்தச் சாய்வுக்குத் திரும்பிவிடும், நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது. அம்பாரத்தை எப்போதும் மேலிருந்து உடைத்துச் சரித்துத்தான் அள்ள வேண்டும். லாரிக்காரர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு கூடை நேரம் மிச்சமாகும் என்று எலும்பை அடகு வைக்கலாமா?

தண்ணீருக்குள் நடக்கிற விளையாட்டு வேறு. கடல் தண்ணீரில், அடர்த்தியைச் சொல்லும் போமே டிகிரி மூன்று, மூன்றரை காட்டும். வெயிலில் சுண்டி 25 டிகிரி வந்தால் உப்பு இறங்கத் தொடங்கும். அப்போது ஒரு லிட்டர் தண்ணீர் 1,200 கிராமுக்கு மேல் இருக்கும். 29, 30 டிகிரிக்குப் போனால் கசப்பு உப்புகள் கூட வந்துவிடும், அதற்குள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் செய்வது ஒன்றே ஒன்றுதான், மிதப்பது. தண்ணீர் அடர்ந்தால் அது குறைவாக அமிழும், கழுத்து மேலே எழும்பும். பழைய கைகள் குழாய் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் எண்ணெய் மாதிரி வழுவழுக்கும்.

அந்த நேரத்தில், காற்று ஓய்ந்த மத்தியானத்தில், பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தண்ணீரின் மேல்தோலில் மெல்லிய சதுரச் சில்லுகள் தோன்றும். உப்பு தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அடர்த்தி, அது மூழ்கியாக வேண்டும். ஆனால் தண்ணீரின் மேல்தோல் இழுவிசையில் அந்தச் சில்லு தொங்கிக்கொண்டு நிற்கும். ஓரங்களில் மட்டும் வளரும், நடுப்பக்கம் கீழே இறங்கும், கொஞ்ச நேரத்தில் தலைகீழான ஒரு சின்னப் படிக்கட்டுக் கோபுரம் உருவாகும். கனம் கூடியோ, ஒரு தும்பி வந்து அலை எழுப்பியோ, அந்தத் தோல் ஓரிடத்தில் நனைந்துவிட்டால் போதும், கோபுரம் சுழன்றுகொண்டே அடிக்குப் போய்விடும். பாத்தியின் தரையில் இறங்கிய பிறகு அது சாதாரணக் கல்லுப்பு.

காற்று அடித்தால் இது நடக்காது. தெற்குக் காற்று நாள் முழுக்க அடித்தால் தண்ணீர் வடக்குக் கரையில் ஒதுங்கி நிற்கும். தெற்கு மூலை காய்ந்து வெளுத்திருக்கும், வடக்கு வரப்பைச் சிற்றலை அரித்துக்கொண்டிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அடி நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. அம்பாரத்தின்மேல் போர்த்திய கீற்றையும் தார்ப்பாயையும் கட்டுவதற்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது இந்த வட்டாரத்தில் கொட்டிய மழையில் காற்றின் கணக்கே இரண்டாம்பட்சமாகிவிட்டது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல். தண்ணீர் வந்தால் உப்புக்கு எந்தக் கட்டும் உதவாது.

இத்தனையும் சொல்லிவிட்டு வாருபலகையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், என் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். சர்ச்சையும் அதில்தான். நீளமான மூங்கிலின் நுனியில் ஒரு பலகை. ஆள் வரப்பிலோ பாத்திக்குள்ளோ நின்று, உப்பைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளினால் பலம் தரையைக் குத்தும், களிமண் கிளம்பும், உப்பு பழுப்பாகும். இழுப்பதிலும் இரண்டு விதம். கை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். மூங்கில் ஆறடியானால், பத்துக் கிலோ பலத்துக்கு இழுத்தால் அதில் ஐந்து கிலோ பலகையை மேலே தூக்குவதற்குப் போய்விடும். ஒன்பதடி மூங்கிலில் மூன்று கிலோ சொச்சம்தான் போகும். என் பலகையின் எடை நாலு கிலோவுக்குப் பக்கம். அதனால் ஆறடியில் பலகை உப்பின்மேல் ஏறி வழுக்கும், ஒன்பதடியில் உட்கார்ந்து வாரும். பூவரசம் பலகை மிதக்கும் சாதி என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் மோசம், அடர்ந்த தண்ணீர் வேறு அதை அடியிலிருந்து தூக்கிக்கொடுக்கும். ஆறடிக் கைப்பிடியை வைத்துப் பலகையைத் தரையில் நிறுத்த ஒரே வழி, கையைத் தாழ்த்துவது. கையைத் தாழ்த்தினால் முதுகு வளையும். விடிகாலையிலிருந்து வெயில் ஏறும் வரை வளைந்த முதுகு வளைந்தபடி.

பலகையில் நான் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கீழ் விளிம்பு ஆளின் பக்கம் சற்று முன்னால் வரும்படி சாய்த்துப் பொருத்தினால் அது உப்பின் அடியில் நுழையும். ரொம்பச் சாய்த்தால் களிமண்ணையும் கொத்தும். இந்தச் சாய்வை வைக்கும்போது இழுக்கப்போகிறவரின் உயரத்தைக் கேட்டுக்கொள்வேன். கூலிக்கு வருகிறவருக்குக் கருவி தனித்தனியாக அளவெடுத்துச் செய்யப்படுவது இந்த ஒன்றில்தான் என்று நினைக்கிறேன். அதுவும் கேட்டால்தான்.

தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு வாருவதில்லை, உப்பு மூழ்கும்படி கொஞ்சம் நிற்கவிட்டுத்தான் வாருவார்கள். உப்பு அலசப்பட்டு வெள்ளையாக வரும் என்பார்கள். அது உண்மை. இன்னொரு லாபமும் உண்டு. 1.2 அடர்த்தியுள்ள தண்ணீருக்குள் 2.16 அடர்த்தியுள்ள உப்பு தன் எடையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். 30 கிலோ உப்பு உள்ளே 13 கிலோவாகத்தான் கனக்கும். பலகை வரப்பில் ஏறி உப்பு வெளியே வந்ததும் மிச்சம் 17 கிலோவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பாட்டி சொன்னது: "தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் மருமவ, கரையேறினா மாமியா." அந்தக் கடைசி ஓரடிதான் வாருகிறவரின் தோளைத் தின்னும். அதனால் வரப்பின் உட்புறத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாகப் பூசச் சொல்லி நச்சரிப்பேன். பூசுகிறவர்கள் பாதிப் பேர் கேட்பார்கள்.

மூங்கில் சங்கதி ஒவ்வொரு மார்கழியிலும் வரும். மழை நின்று பாத்தி வேலைக்கு ஆள் சேர்க்கத் தொடங்கும்போது பலகைக்கு ஆர்டர் வரும். குத்தகைக்காரர் ஒருவர் ஆறடி, ஏழடி என்பார்.

"நீளமா வச்சா வெல ஏறுது, சீக்கிரம் பொளந்துக்குது. குனிஞ்சி வாரினா வாராதா?"

"வாரும் அண்ணாச்சி. மத்தியானத்துக்குள்ள எத்தினி பாத்தி வாரும்னு எண்ணிப் பாருங்க."

நீள மூங்கில் சீக்கிரம் பிளக்கும் என்பதும் பொய்யில்லை. நீளம் கூடினால் நடுவில் வளையும், கணுவில் முறியும். அதற்குத் தடித்த, கணு நெருங்கிய அடிமூங்கிலாகப் பார்த்து எடுத்து, பலகை சேரும் இடத்தில் நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டுகிறேன். கட்டின் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பிடிப்பைப் பெருக்கும், ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் முடிச்சே தேவைப்படுவதில்லை. போன பருவத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து வந்து, குத்தகைக்காரர் கொடுக்கிற விலைக்கு மேல் ஆகும் வித்தியாசத்தைத் தாங்களே போட்டுக்கொள்கிறோம், ஒன்பதடி வைத்துக் கொடு என்றார்கள். வாங்க மனசில்லை. ஆனால் மூங்கில்காரனுக்கு நான் காசு கொடுத்தாக வேண்டுமே, பாதியை வாங்கிக்கொண்டேன்.

இந்த மார்கழிக்கு ஒரு கட்டு ஒன்பதடியாகவே வாங்கிப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆறடி கேட்டு வருகிறவர்களுக்கும் அதையே காட்டி, வெட்டுக்கூலி தனி என்று சொல்லப்போகிறேன். வெட்டின மூன்றடித் துண்டு மடைக்கு முளையாகும்.